அப்பாவின் திங்கட்கிழமை

பனியன் கம்பெனியில் சனிக்கிழமைக்கு ஒரு முகம், திங்கட்கிழமைக்கு ஒரு முகம். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளக் கவர் கைக்கு வரும். ஞாயிறு லீவு. திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பெல் அடிக்கும்போது பவர் டேபிளில் பல தையல் மெஷின்கள் ஆள் இல்லாமல் கிடக்கும். சூப்பர்வைசர் போன் மேல் போன் போடுவார். வயிற்று வலி, ஊரில் சாவு, பையனுக்குக் காய்ச்சல் என்று பதில் வரும். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் இன்று ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். தையல் விட்டது, கை மாறித் தைத்தது, அளவு பிசகியது என்று நாங்கள் ஒதுக்கும் பீஸ்களில் திங்கட்கிழமை தைத்தவை கூடுதலாக இருப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமைகளைச் சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். என் அப்பா கட்டிங் மாஸ்டர்.

எங்கள் ஊர் சேவூர். அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகும் ரோட்டில் இருக்கிறது. நம்பியூர் வழியாகக் கோபி போகும் ரோடும் இங்கே பிரிகிறது. வாலி வழிபட்டதாகச் சொல்லப்படும் வாலீஸ்வரர் கோயில் ஊருக்குப் பெருமை. மற்றபடி வானம் பார்த்த பூமி, கடலைக்காய் வெள்ளாமை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் திங்கட்கிழமை ஏலம் நடக்கும்போது சுற்றுவட்டார விவசாயிகள் மூட்டைகளோடு வந்து இறங்குவார்கள். எங்கள் குடும்பமும் தாத்தா காலம் வரை கடலைக்காயை நம்பி இருந்ததுதான். அப்பா காலத்தில் ஊரில் பாதிப் பேர் தறிக்குப் போனார்கள், பாதிப் பேர் பனியனுக்குப் போனார்கள். அப்பா பதின்மூன்று வயதில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு எடுபிடியாகச் சேர்ந்து, சேவூரில் பஸ் ஏறி அவிநாசியில் மாறித் திருப்பூர் போய் வந்து, முப்பது வயதுக்குள் கட்டிங் மேஜைக்கு வந்துவிட்டார்.

கட்டிங் என்றால் என்ன என்று வெளியாட்களுக்குத் தெரியாது. துணி ரோலைப் பிரித்து, நீள மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பார்கள். பின்னல் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். விரித்தவுடன் வெட்டினால் தைத்து முடிக்கும்போது அளவு குறைந்திருக்கும். அதனால் துணியைக் கொஞ்ச நேரம் ஆறப் போட வேண்டும். பிறகு அட்டையை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு, செங்குத்தாக ஓடும் கத்தி மெஷினைக் கோட்டின் மேலேயே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். இடது கை துணியை அமுக்கியிருக்கும். அந்தக் கைக்குக் கம்பி வலைக் கையுறை உண்டு. கழுத்து வளைவில் கத்தி ஒரு நூல் விலகினாலும் அடுக்கில் இருக்கிற அத்தனை பீஸும் விலகிவிடும். ஒரு டெய்லர் லீவு போட்டால் ஒரு மெஷின் நிற்கும். கட்டிங் மாஸ்டர் லீவு போட்டால் ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், அயர்னிங் என்று வரிசையாக எல்லாம் காத்துக் கிடக்கும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும். அப்பா வராத திங்கட்கிழமைகளில் எத்தனை வீட்டு அடுப்பு அதனால் தணிந்ததோ, எனக்குத் தெரியாது.

முதலில் சனிக்கிழமை மட்டும்தான் குடித்தார். 'உடம்பு வலிக்கு' என்பார். ஒன்றரை ஷிப்ட் நின்றுகொண்டே வேலை பார்ப்பவருக்கு உடம்பு வலி பொய்யில்லை. ஷிப்மெண்ட் நேரத்தில் விடிய விடிய வெட்டுவார்கள். முடிந்ததும் சேர்ந்து போவார்கள். அது ஒரு மரியாதையாகவே இருந்தது. சம்பளக் கவரோடு நேரே வீட்டுக்குப் போகிறவனைக் கேலி செய்வார்கள். அப்போது தனியார் ஒயின் ஷாப் காலம். 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. போர்டு மாறியது, கூட்டம் மாறவில்லை. சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக்கொண்டது. ஞாயிறு, திங்களைத் தின்றது. அதற்குப் பிறகு எந்தக் கிழமை என்ற கணக்கு எங்கள் வீட்டில் இல்லை.

எங்களுக்குப் புரியாமல் இருந்தது அப்பாவின் காலை நேரம். விடிந்ததும் கை நடுங்கும். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார். அப்படியும் சட்டையில் சிந்தும். பஸ் ஏறுவதற்கு முன்னால் கொஞ்சம் உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும். "கை நிக்கோணும்ல, கத்தி புடிக்கிறவன்" என்று அம்மாவிடம் சொல்வார். சாராயம்தான் தன் கையை நிறுத்துகிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார். அவர் மேஜையில் இருந்த மற்றவர்களும் நம்பினார்கள். நடுக்கமே சாராயம் கொடுத்தது, முந்தின நாள் குடித்தது இறங்குவதால்தான் கை ஆடுகிறது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

கணக்கு எளிதானது. ஒரு குவாட்டர் 180 மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம். நம் ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம்வரைதான் எரிக்கும். ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு இரண்டு குவாட்டர் முடித்தவர் திங்கட்கிழமை எட்டரைக்குக் கத்தி மெஷினைத் தொடும்போது உடம்பில் இன்னும் சாராயம் ஓடிக்கொண்டிருக்கும். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்பது பனியன் கம்பெனிகளில் விரல் போன பலருடைய நம்பிக்கை.

அப்பாவுக்கு விரல் போகவில்லை. வேறு நடந்தது. ஒரே நிறம் என்றாலும் சாயத்துக்குச் சாயம் ஷேடு கொஞ்சம் மாறும். ஒரு லாட் துணியை இன்னொரு லாட்டோடு கலக்கக் கூடாது. ஒரு திங்கட்கிழமை இரண்டு லாட்டையும் சேர்த்து விரித்து வெட்டிவிட்டார். தைத்து முடித்த பிறகு பார்த்தால் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். அத்தனையும் செகண்ட்ஸ். கம்பெனியை விட்டு அனுப்பினார்கள். அடுத்த கம்பெனி, அதற்கடுத்த கம்பெனி என்று இறங்கிக்கொண்டே போனார். வேலைக்காரர் என்ற பெயர் மட்டும் கொஞ்ச காலம் அவருக்கு முன்னால் போய் இடம் வாங்கிக் கொடுத்தது. பிறகு அந்தப் பெயரும் தீர்ந்தது. அண்ணன் பத்தாவதோடு நின்று ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தான். ஊருக்குக் கிழக்கே இருந்த அரை ஏக்கர் கைமாறியது. அடி உதை பற்றி எழுதப் போவதில்லை. அம்மா இன்னும் இருக்கிறாள். அவள் அதை அச்சில் பார்க்க விரும்ப மாட்டாள்.

வருஷத்தில் ஒரு மண்டலம் மட்டும் எங்கள் வீடு வேறு வீடாக இருக்கும். கார்த்திகை பிறந்ததும் அப்பா சபரிமலைக்கு மாலை போடுவார். விடியக்காலையில் குளித்து, கருப்பு வேட்டி கட்டி, விளக்கு முன்னால் சரணம் சொல்வார். எங்களை "சாமி" என்று கூப்பிடுவார். சம்பளக் கவர் பிரிக்காமல் வீடு வரும். மாலையைக் கழற்றாமலே இருந்துவிடக் கூடாதா என்று ஒவ்வொரு வருஷமும் நான் வேண்டியிருக்கிறேன். மலை இறங்கி வந்த மறுநாளே பழைய ஆளாகிவிடுவார். 'நெனச்சா நிறுத்த முடியுது, நெனைக்க மாட்டேங்குறாரு' என்று அம்மா நொந்துகொள்வாள். கொங்கு நாட்டில் மாலை போட்டவர்கள் வீட்டுப் பெண்கள் பலர் சொல்லும் வார்த்தை இது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது, 2007 கார்த்திகை வரை.

அந்த வருஷம் மாலை போட்ட மூன்றாவது ராத்திரி, அப்பா சுவரில் எறும்பு ஏறுகிறது என்று துடைத்துக்கொண்டே இருந்தார். சுவரில் ஒன்றுமில்லை. வேட்டி வேர்வையில் நனைந்திருந்தது. இறந்துபோன தன் அம்மாவோடு பேசினார், அவள் வாசலில் நிற்பதாகச் சொல்லி எழுந்து எழுந்து ஓடினார். விரதத்தில் ஏதோ குற்றம் வந்துவிட்டது என்று பெரியவர்கள் திருநீறு போட்டார்கள். பக்கத்துத் தெருவில் குடியிருந்த நர்ஸ் அக்கா வந்து பார்த்துவிட்டு, "சாமி குத்தமும் இல்ல, பேயும் இல்லீங்க. குடிய திடீர்னு நிறுத்துனதுல வந்தது. இப்பவே கோயமுத்தூருக்குக் கொண்டுபோங்க, உசுருக்கு ஆபத்து" என்றார். அந்த ராத்திரி அவர் அந்தத் தெருவில் இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

கோவை அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். நரம்பை அமைதிப்படுத்தும் மருந்து, வைட்டமின் பி-1 ஊசி, குளுக்கோஸ். சில நாளில் தெளிந்தார். அங்கே இருந்த டாக்டரம்மா, அம்மாவை உட்கார வைத்துப் பேசியதுதான் எங்கள் வீட்டில் வந்த மாற்றத்தின் தொடக்கம் என்று நான் நினைக்கிறேன். வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு சாராயத்துக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டுவிடுகிறது. அதைச் சட்டென்று எடுத்தால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். முந்தின வருஷங்களில் அப்பாவின் குடி அந்த அளவுக்கு முற்றவில்லை, அதனால் மாலையோடு தாங்கியது. "நோய்ங்கம்மா இது. மன உறுதி வேணும்தான், ஆனா மருந்து முதல்ல வேணும்" என்றார். அம்மா அழுதாள். இத்தனை வருஷம் 'நெனைக்க மாட்டேங்குறாரு' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

அப்பா சாராயத்தை விட்டது அப்போதுதான். விட்ட உடனே வீட்டில் வெளிச்சம் வந்துவிட்டது என்று எழுதினால் பொய் எழுதியவளாவேன். முதல் சில மாதம் அவரோடு இருப்பது குடித்த காலத்தை விடக் கஷ்டமாகச் சில நாள் தோன்றும். தூக்கம் வராமல் வாசலில் உட்கார்ந்திருப்பார். எரிந்து விழுவார். இனிப்பு மேல் அப்படி ஒரு ஆசை வந்தது. கடலை மிட்டாய் பாக்கெட் பாக்கெட்டாகத் தீரும். அம்மா அவர் வந்ததும் தண்ணீர்ச் சொம்பை நீட்டும் சாக்கில் பக்கத்தில் போய் மூச்சை மோந்து பார்ப்பாள். அவருக்கு அது தெரியும். ஒருநாள் சொம்பை வாங்காமல், "ஊதிக் காட்டட்டுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அம்மா அதற்குப் பிறகும் மோந்துதான் பார்த்தாள். அவள் அதை எப்போது நிறுத்தினாள் என்று எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

நம்பிக்கை கடைசியில்தான் திரும்பும். குடியை விட்ட பலர் மறுபடியும் தொட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 'விட்டும் யாரும் நம்பல, அப்பறம் எதுக்கு விடோணும்' என்ற கசப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம்தான் அப்பாவை அந்தக் கசப்பிலிருந்து காப்பாற்றியது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசித் தொடங்கிய அமைப்பு அது. கட்டணம் கிடையாது, முழுப் பெயர் கேட்பதில்லை. குடித்து மீண்டவர்கள் குடிக்காமல் இருக்கத் தவிப்பவர்களோடு உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்வார்கள், டீ குடிப்பார்கள், கலைந்து போவார்கள். நாளைக்கு, அடுத்த வருஷத்துக்கு என்றெல்லாம் சத்தியம் வாங்குவதில்லை. இன்று ஒருநாள் குடிக்காமல் இருந்தால் போதும். பத்தாவது கூடப் படிக்காத அப்பா அங்கே ஒரு பேங்க் மேனேஜரும் ஒரு லாரி டிரைவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு அவருக்குப் போக ஓர் இடம் கிடைத்தது. குடியை விடுபவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். குடி போகும்போது அவருடைய கூட்டாளிகளும் போகிறார்கள், சாயங்காலங்களும் போகின்றன. கெடா விருந்துக்கும் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரிக்கும் வெகுகாலம் அவர் போகவில்லை. "பெரிய மகாத்மா ஆயிட்டானுங்க" என்று பங்காளிகள் பேசினார்கள். பேசட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

வேலைக் கதைக்கு வருகிறேன். ஒரு சின்னக் கம்பெனி முதலாளி, அப்பாவை இளம் வயதிலிருந்து தெரிந்தவர், மறுபடி இடம் கொடுத்தார். அப்பா அவரிடம் ஒன்று கேட்டார்: "சனிக்கிழம என் கவர எங்கிட்ட குடுக்காதீங்க. திங்கக்கிழம சாயங்காலம் குடுங்க." முதலாளி சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வந்தால்தான் சம்பளம் என்று ஆனது. சனிக்கிழமை சாயங்காலம் பையில் பஸ் காசு மட்டும் வைத்துக்கொண்டு சேவூர் பஸ் ஏறினார். எங்கள் வீட்டில் குடி எடுத்துக்கொண்டவற்றில் முதலில் திரும்பி வந்தது பணம் இல்லை, நிம்மதி இல்லை, திங்கட்கிழமை. அது வந்த பிறகுதான் மற்றது ஒவ்வொன்றாக வந்தது. வாரம் ஆறு நாளும் வருகிற கட்டிங் மாஸ்டர் என்றால் முதலாளி ஆர்டரை நம்பி எடுக்கலாம். ஆர்டர் வந்தால் டெய்லர்களுக்குத் தொடர்ந்து பீஸ் கிடைக்கும். அந்தக் கம்பெனியின் பெண்கள் ஒரு தீபாவளிக்கு அம்மாவுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். மாஸ்டர் வீட்டம்மா என்ற மரியாதைக்கு மட்டும் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கை நடுக்கம் மருத்துவமனையிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் வெட்டுவதை நான் நின்று பார்த்திருக்கிறேன். பிளஸ் டூ லீவில் அதே கம்பெனியில் செக்கிங்குக்குப் போனேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து ரோலைக் குழல் விளக்குக்கு நேரே பிடித்து, ஓட்டை, கறை, நூல் விட்டது என்று பார்த்துக்கொண்டே பிரிப்பார். லாட் நம்பரைத் தானே சாக்பீஸால் எழுதுவார், பிறகு இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். துணி ஆறுகிற நேரத்தில் டீ குடிக்கப் போக மாட்டார். மேஜையைச் சுற்றி நடந்து ஓரங்களைத் தட்டிச் சரிசெய்வார். கத்தி கழுத்து வளைவுக்குப் போகும்போது மூச்சை அடக்குவார். கோட்டின் வெள்ளைச் சாக்பீஸ் தூள் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகப் பிரியும். அந்த வெட்டைப் பார்த்தபோது எனக்கு அப்பா மேல் வந்த பெருமை, அதற்கு முன்னால் ஒருநாளும் வந்ததில்லை. நாற்பது வயது தாண்டி, சென்டிமீட்டர் கணக்கை என்னிடம் உட்கார்ந்து படித்தார். வெளிநாட்டு ஆர்டருக்கு சாம்பிள் வெட்டும் வேலை அவருக்கு வந்தது. சாம்பிள் கட்டிங் என்பது நம்பகமான கைக்கு மட்டும் கொடுப்பது.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, நொய்யல் ஆற்று மாசு காரணமாகத் திருப்பூரின் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது பனியன் தொழிலே தள்ளாடியது. சாயம் இல்லை என்றால் துணி இல்லை, துணி இல்லை என்றால் கட்டிங் இல்லை. ஆண்கள் வேலையில்லாமல் ரோட்டு முக்கில் உட்கார்ந்தார்கள். குடித்துக்கொண்டிருந்த காலமாக இருந்தால் அந்த வருஷம் எங்கள் குடும்பம் சிதறியிருக்கும். அப்பா கடலைக்காய்க் காட்டுக்குக் கூலிக்குப் போனார், அம்மாவோடு உட்கார்ந்து காய் பறித்தார். அவர்கள் இருவரும் ஒரே வேலையைச் சேர்ந்து செய்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்தக் களத்தில்தான்.

அண்ணன் மட்டும் இன்னும் முழுதாக நெருங்கவில்லை. மரியாதையாகப் பேசுவான், செலவுக்குக் கொடுப்பான். ஆனால் அவனுடைய பத்தாவதுக்கு மேலான படிப்பு போனது போனதுதான். அரை ஏக்கரும் போனதுதான். அப்பா அதைப் புரிந்துகொண்டு அவனிடம் எதையும் கேட்பதில்லை. குடியை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. இருப்பது காப்பாற்றப்படும். அதுவே பெரிது.

2020 மார்ச் ஊரடங்கில் டாஸ்மாக் ஒரே நாளில் மூடியபோது, ஊரில் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்பா மட்டும் கவலையாக இருந்தார். "நெதமும் குடிக்கிறவனுக்கு இப்பத்தான் ஆபத்து" என்றார். நாலு வீடு தள்ளி ஒரு தறிக்காரப் பையன். மூன்றாம் நாள் வலிப்பு வந்து விழுந்தான். வீட்டார் இரும்புச் சாவியைக் கையில் திணித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா போய் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 ஆம்புலன்சுக்குப் போன் செய்து, தானும் ஏறிக்கொண்டு போனார். டாக்டரிடம் கடைசியாக எப்போது குடித்தான், தினமும் எவ்வளவு குடிப்பான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் இன்று சேவூரில் தறி ஓட்டுகிறான்.

மதுவை எதிர்த்து இந்த மண்ணில் பெண்கள் நின்ற கதை பழையது. 1921-இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலைப் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்று நடத்தினார்கள். 1937-இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார்கள். இன்று நிலைமை தலைகீழ். 2023-24-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். நெடுஞ்சாலைக் கடைகளை மூடச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கடைகள் ஊருக்குள் நகர்ந்தபோது, 2017 ஏப்ரலில் எங்கள் மாவட்டத்துச் சாமளாபுரத்தில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரு போலீஸ் அதிகாரி ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததை நாடே டிவியில் பார்த்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "கடைய மூடோணும் கண்ணு. ஆனா கடைக்குப் போய்ப் பழகுனவனுக்கு டாக்டரும் வேணும். ரெண்டுல ஒண்ணு மட்டும் பத்தாது" என்றாள். நான் படித்த எந்தத் தலையங்கத்திலும் இதைவிடத் தெளிவாக யாரும் எழுதவில்லை.

அந்த டாக்டர் வேண்டும் என்று தன் சொந்தத் துக்கத்திலிருந்து எழுந்து செய்து காட்டியவர் சாந்தி ரங்கநாதன். டி.டி.கே. தொழில் குடும்பத்தைச் சேர்ந்த கணவர் டி.டி.ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பிறகு, 1980-இல் சென்னையில் அவர் பெயரில் சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று பரவலாக அறியப்பட்டது அதுதான். பத்மஸ்ரீ வாங்கினார். திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே முகாமைக் கொண்டுபோனார்கள். பெரிய தொழில் குடும்பத்திலும் இது வரும், கைமடி வீட்டிலும் வரும் என்பதை அவர் கதை எனக்குச் சொன்னது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும், மதுவால் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பெண்கள் கேட்பார்கள். 2024-இல் மலிவான குவாட்டரே 140 ரூபாய். நாளுக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு 51,100 ரூபாய். வராத திங்கட்கிழமைக் கூலி இதில் சேரவில்லை, மருத்துவச் செலவு சேரவில்லை. அப்பா விட்டதற்குப் பிந்திய வருஷங்களில் நான் பி.காம். முடித்தேன், ஓட்டு வீட்டுக்குத் தளம் போட்டோம்.

கம்பெனி வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. சம்பளத்தை வாரத்தின் நடுவில் ஒரு நாளுக்கு மாற்றுங்கள். கேட்கிறவருக்கு மட்டுமாவது மாற்றிக் கொடுங்கள். சிகிச்சைக்குப் போய் வந்தவருக்கு அவருடைய மெஷினைத் திருப்பிக் கொடுங்கள். ஷிப்மெண்ட் முடிந்த சந்தோஷத்துக்குப் பாட்டில் வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். திங்கட்கிழமை ஆள் குறைவால் உங்களுக்கு வரும் நஷ்டத்தை நீங்கள் எப்போதோ கணக்குப் போட்டிருப்பீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடியையும் சொட்டு மருந்தையும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள். தெரியாமல் கொடுத்த மருந்தின் மேல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். தினமும் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லிச் சத்தியம் வாங்காதீர்கள், டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள். கார்த்திகைக்கு மாலை போடுவதாக இருந்தால் அதற்கு முன்னாலேயே காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, திருப்பூரிலும் இப்போது மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 அல்லது 14446-க்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது. 14416-இல் தமிழிலேயே பேசலாம்.